கூரை மேல் பத்தாயிரம் லிட்டர்

"மேடம், இந்த ஹாலுக்குக் கையெழுத்துப் போட்ட இன்ஜினியர் நீங்கதானே?"

போனில் ஒரு பெண் குரல். பின்னால் இருமல், கட்டில் இழுபடும் சத்தம், யாரோ யாரையோ அதட்டும் சத்தம்.

"எந்த ஹால்?" என்றாள் சின்னவள். காய்ச்சல் விட்டுவிட்டது, தொண்டை விடவில்லை. குரல் தகரத்தை இழுத்த மாதிரி கரகரவென்று வந்தது.

"ஃபர்னிச்சர் கடை மேடம். இப்ப காய்ச்சல் வார்டு. நான் இங்க தலைமை நர்ஸ். வாசல்ல ஒட்டியிருக்கிற கட்டடப் படத்துல உங்க நம்பர் இருந்துச்சு. கூரைல கோடு மாதிரி ஒண்ணு தெரியுது. முந்தாநேத்து வரைக்கும் இல்ல. சொட்டுச் சொட்டாத் தண்ணி வேற. யாரைக் கேட்டாலும், இன்ஜினியர் கையெழுத்துப் போட்டாச்சு, பேசாம வேலையைப் பாருங்கறாங்க. அதான் போட்டவங்களையே கேட்டுடலாம்னு..."

"நான் அந்த ஹாலைப் பார்த்ததே இல்லையே!"

"இருங்க மேடம், அனுப்பறேன்." கொஞ்சம் கழித்துப் போனில் ஒரு போட்டோ வந்து விழுந்தது. படத்தின் கீழ் மூலை மட்டும் தெரிந்தது. அதில் சின்னவளின் பெயர், போன் நம்பர், உரிம எண், கையெழுத்து.

கையெழுத்து அவளுடையதேதான். கடைசி எழுத்தை இழுத்துச் சுழிக்கும் அந்தச் சுழி வரைக்கும்.

இந்த வாரம்தான் புதிதாக நம்மோடு வந்து உட்காருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டடக் கம்பெனியை நடத்துவது அண்ணன். ஆனால் அவன் இன்ஜினியர் இல்லை. உரிமம் இருப்பது தங்கையிடம். கம்பெனியை ஆரம்பித்த அப்பா, நெஞ்சுவலி வந்த பிறகு உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. ஆக, சின்னவள் கையெழுத்து இல்லாமல் ஒரு செங்கல் நகராது.

நோய் பரவியதும், கட்டடப் படங்களுக்கு அனுமதி தரும் பொறியாளர் மன்றம் விதியைத் தளர்த்தியது. முன்பெல்லாம் படத்தை மேஜையில் விரித்து, மையால் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இப்போது ஸ்கேன் செய்த கையெழுத்தைப் படத்தில் ஒட்டி மெயிலில் அனுப்பினால் போதும். ஒரே ஒரு நிபந்தனை. ஒவ்வொரு படத்துக்கும் மன்றத்திலிருந்து போன் வரும். 'பார்த்தேன், நான்தான் கையெழுத்திட்டேன்' என்று பொறியாளர் தன் வாயால் சொல்ல வேண்டும். அந்தக் குரலைப் பதிவு செய்துகொள்வார்கள்.

சின்னவளும் தன் கையெழுத்தை ஸ்கேன் செய்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைத்தாள். வைத்த கையோடு காய்ச்சலில் விழுந்தாள். இன்றுதான் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"கோட்டுக்கு நேர் மேல என்ன இருக்கு?" என்று நர்ஸைக் கேட்டாள்.

"தண்ணித் தொட்டி. புதுசா வச்சாங்க. பத்தாயிரம் லிட்டராம்."

பத்தாயிரம் லிட்டர் என்றால் பத்து டன். இரண்டு யானையைக் கூரையில் ஏற்றி நிறுத்திய மாதிரி.

"நேர் கீழ கட்டில் இருக்கா?"

"நாலு இருக்கு."

"நகர்த்துங்க."

"எங்க நகர்த்த? ஆக்சிஜன் குழாய் அங்கதான் வருது. அதுல ரெண்டு பேர் குழாயை எடுத்தா தாங்க மாட்டாங்க."

"அப்ப தொட்டியைத் திறந்து விடுங்க."

"மாடிச் சாவி உங்க கம்பெனி ஆள்கிட்ட இருக்கு மேடம்."

"வர்றேன்" என்று செருப்பைத் தேடினாள்.

*

சாப்பாட்டு மேஜையில் அண்ணன் ஒரு கையில் போன், ஒரு கையில் ஸ்பூனோடு இருந்தான். தங்கையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அடடே, எழுந்துட்டியா சின்னு!"

அவள் போனை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இது யாரு போட்டது?"

பார்த்தான். மலர்ந்த முகம் மெல்ல மடிந்தது. "உன் கையெழுத்துதானே?"

"என் கையெழுத்துதான். போட்டது யாருன்னு கேக்கறேன்."

"எழுந்ததும் எழாததுமா ஆரம்பிக்காத. முதல்ல ஒரு வாய் சாப்பிடு."

"அண்ணா!"

கரகரத்த குரலில் அது ஒரு குரைப்பாக வந்தது. அடுப்படியில் நின்ற அண்ணி அடுப்பை அணைத்தாள். ஆனால் திரும்பவில்லை.

"என்ன பண்ணச் சொல்ற?" அண்ணனுக்கும் சத்தம் ஏறியது. "கட்டில் இல்லாம ஜனங்க ரோட்டுல கிடக்கறாங்க. நாளைக்கே ஹால் வேணும்னு ஆஸ்பத்திரிக்காரங்க வாசல்ல நிக்கறாங்க. நீ கண்ணைத் திறக்கல. உன்னை உலுக்கி எழுப்பி, 'இந்தா, கூரை தாங்குமா'ன்னு கேட்டிருக்கணுமா?"

"கேட்டிருக்கணும்."

"பினாத்திட்டு இருந்த! என்ன பதில் சொல்லியிருப்ப?"

"பதில் வரலைன்னா கையெழுத்தும் வராது. வேற இன்ஜினியரைப் பார்த்திருக்கணும்."

"எவன் கிடைச்சான்? பாதிப் பேர் படுக்கையில, மீதிப் பேர் போனையே எடுக்கல. அவசர காலம் சின்னு. விதியைக் கொஞ்சம் வளைச்சாத்தான் உசிரு பிழைக்கும்."

"விதியை ஏற்கெனவே வளைச்சுக் கொடுத்துட்டாங்க. நியாயமாத்தான் வளைச்சாங்க. நீ அதை உடைச்சிருக்க. அவசரம்னு சொன்னா தண்ணியோட எடை குறைஞ்சிடுமா?"

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டான். "வண்டியை எடுக்கறேன். உனக்கு ஓட்டத் தெம்பில்ல."

வழியெல்லாம் அடைத்த கடைகள். முகக்கவசத்துக்குள் அவளுடைய மூச்சே அவளுக்குச் சுட்டது. வாயை மூடிக்கொண்டு வரலாம் என்றுதான் நினைத்தாள். முடியவில்லை.

"நம்ம வீட்டு ஆள் யாரும் அங்க படுக்கப் போறதில்லைங்கற தைரியம்தானே?"

அண்ணன் பிரேக்கை மிதித்த மிதியில் இருவரும் முன்னால் போய் வந்தார்கள். அவள் பக்கம் திரும்பினான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு தலையை மட்டும் ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

*

கடையில் இரண்டு ஹால்கள். முன் ஹாலில் நோயாளிகளைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். சோபா படம் போட்ட விளம்பரத்தைக்கூட யாரும் கழற்றவில்லை. வார்டு இருந்தது பின் ஹாலில்.

சூப்பர்வைசர் சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டு மாடிப்படி அடியில் நின்றான்.

"தொட்டியைக் காலி பண்ணணுமா? சார் சொன்னா திறக்கறேன் மேடம். வார்டுக்கு இதுதான் தண்ணி. ஆஸ்பத்திரி அதிகாரி வந்து என்னைத்தான் காய்ச்சுவாரு. படத்துல பத்தாயிரம்னு போட்டு, நீங்களே கையெழுத்து..."

சாவியை அவன் விரலிலிருந்து பிடுங்கினாள். படி ஏறினாள். பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் வந்த அண்ணன் தாங்கக் கை நீட்டினான்.

"தொடாத" என்றாள்.

தொட்டியின் அடிக் குழாயைத் திருகியதும் தண்ணீர் பீறிட்டுக் கூரையின் விளிம்பு வழியாக முற்றத்தில் கொட்டியது. கீழே யாரோ, "ஊரே தண்ணிக்கு அலையுது, இங்க ஆறா ஓட விடறாங்க பாரு" என்று திட்டுவது கேட்டது. திட்டட்டும் என்று நின்றாள்.

உள்ளே போனபோது தலைமை நர்ஸ் கையைப் பிடித்து அழைத்துப்போனாள். உடல் மூடிய கவச உடைக்குள் அவள் கண்கள் மட்டும் தெரிந்தன. தூக்கம் என்றால் என்னவென்று மறந்த கண்கள்.

கூரையைத் தாங்கும் குறுக்கு உத்தரத்தின் அடிவயிற்றில், சரியாக நடுவில், விரிசல் ஓடியிருந்தது. பூச்சில் வரும் மயிரிழைக் கோடு இல்லை. நகம் நுழையும் விரிசல். நேர் கீழே ஒரு பெரியவர் மூக்கில் குழாயோடு படுத்திருந்தார்.

"நானும் பக்கத்துக் கட்டில்காரரும் பந்தயம் கட்டியிருக்கோம்மா" என்றார் மூச்சு வாங்க. "வியாதி முந்துமா, கூரை முந்துமான்னு."

நர்ஸ் சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்து இருமினார். சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தவள், "முட்டுக் கொடுக்க எத்தனை இரும்புக் கால் இருக்கோ அத்தனையும் கொண்டு வாங்க!" என்று சூப்பர்வைசரைப் பார்த்துக் கத்தினாள்.

கொண்டுவந்தார்கள். கட்டில்களுக்கு இடையே ஒவ்வொன்றாக நிறுத்தி, திருகி, உத்தரத்தோடு இறுக்கினார்கள். அண்ணனும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தூக்கினான். மேலே தண்ணீர் வடிந்து முடிந்தது. சொட்டு நின்றது. நர்ஸ் பெஞ்சில் உட்கார்ந்து முதல் முறையாகக் காலை நீட்டினாள்.

அப்போதுதான் சின்னவள் வாசலில் ஒட்டியிருந்த படத்தை முழுசாகப் பார்த்தாள்.

கம்ப்யூட்டரில் போட்ட படம் இல்லை. பென்சிலால், அடிக்கோல் வைத்து வரைந்தது. ஒவ்வொரு அம்புக்குறியின் முனையும் குட்டி முக்கோணமாக நிரப்பியிருந்தது. அப்படி நிரப்புகிற ஆள் அவளுக்குத் தெரிந்து ஒருவர்தான்.

"அண்ணா. உனக்கு உத்தரத்துக்கும் உத்தரவுக்குமே வித்தியாசம் தெரியாது. இதை நீ வரையல."

அண்ணன் கையில் ஒட்டிய துருவைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"அப்பாவா?"

"அவர் கட்டின கட்டடம். அவருக்குத் தெரியாததான்னு நினைச்சேன். 'இந்த உத்தரம் ஒரு மாடியே தாங்கும், கண்ணை மூடிட்டு வை'ன்னாரு."

"மாடி தாங்கறது முன் ஹால் உத்தரம். அதோ பாரு, இதைவிட ரெண்டு மடங்கு ஆழம். பின் ஹாலுக்கு வெறும் கூரைக்குத்தான் போட்டிருக்கு. ரெண்டையும் குழப்பிட்டாரு. ஒரு தடவை நேர்ல வந்து நிமிர்ந்து பார்த்திருந்தா போதும்."

"நெஞ்சு வலிக்காரரை இந்த வார்டுக்குள்ள எப்படிக் கூட்டிட்டு வர்றது?"

"அப்ப படமும் வந்திருக்கக் கூடாது!" என்றாள். பிறகு சட்டென்று நின்றாள். "மன்றத்துலேருந்து போன் வந்திருக்குமே. பொம்பளைக் குரல் வேணுமே. யாரு பேசினது?"

"வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

வாசற்படி இறங்கும்போது சூப்பர்வைசர் ஓடி வந்தான். "மேடம், ஆஸ்பத்திரி அதிகாரி போன் பண்ணாரு. சாயங்காலத்துக்குள்ள தொட்டி நிரம்பணுமாம். நிறுத்தச் சொல்றதுக்கு ஆர்டர் இருக்கான்னு கேக்கறாரு. படம் அனுமதியான படமாச்சேங்கறாரு."

*

அப்பா தன் அறையில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சின்னவள் சொன்னாள். அவர் கேட்ட முதல் கேள்வி, "தொட்டி முழுசா இருந்துச்சா?"

"முழுசா இருந்துச்சு."

"பூச்சு விரிசலா இருக்கும்."

"உத்தர விரிசல்ப்பா. பின் ஹால் உத்தரம்."

"பின் ஹாலா?"

அவர் விரல் நாற்காலிக் கையில் எதையோ வரைந்து பார்த்தது. முன் ஹால், பின் ஹால், உத்தரம். வரைந்துகொண்டிருந்த விரல் நின்றது. முகம் வெளுத்தது கண்கூடாகத் தெரிந்தது. ஆனால் ஒரு நிமிடம்தான். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி. காலி பண்ணியாச்சு. முட்டும் கொடுத்தாச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. இதோட விடு."

"மன்றத்துக்கு என் குரல்ல பேசினது யாரு?"

"நான்தான்" என்றாள் அண்ணி.

வாசற்படியில் நின்றிருந்தாள். காய்ச்சல் நாட்களில் கதவுக்கு வெளியே தட்டு வைத்துவிட்டு, உள்ளே இருப்பவள் சாப்பிடுகிற சத்தம் கேட்கும் வரை அசையாமல் நின்றவள்.

"மாமா பக்கத்துல உட்கார்ந்து உரிம நம்பரைச் சொன்னாரு. நான் திருப்பிச் சொன்னேன்."

"நீங்களா அண்ணி?" என்றாள் சின்னவள். அண்ணனைத் திட்ட வந்தது. அப்பாவைத் திட்ட வந்தது. இவளை எந்த வாயால் திட்டுவது? அதுவே இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. "படிச்சவங்கதானே? யாருன்னு கேட்டா பொய் சொல்லக் கூடாதுன்னு தெரியாதா?"

"தெரியும். உனக்குக் கட்டில் இல்லைன்னு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாத் திருப்பி அனுப்பின அன்னிக்கு அது. நீ மூச்சு விடறது அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. இந்த ஒரு போனைப் பேசிட்டா நாளைக்கே வார்டு திறந்துடும், திறந்தா முதல் கட்டில் உனக்குன்னு மாமா சொன்னாரு. பேசினேன். மறுநாள் உனக்குக் காய்ச்சல் இறங்கிடுச்சு."

அண்ணன் ஏன் பிரேக்கை அப்படி மிதித்தான் என்று இப்போது புரிந்தது.

"உனக்காகத்தான்" என்றார் அப்பா.

"எனக்காகன்னு சொல்லாதீங்க!" மேஜையைத் தட்டினாள். "அந்த விரிசலுக்கு அடியில என்னைக் கொண்டுபோய்ப் படுக்க வச்சிருப்பீங்க. நான் தப்பிச்சேன். என் இடத்துல இப்ப வேற யாரோ பெத்த பொண்ணு படுத்திருக்கா. என் பேரை நம்பிப் படுத்திருக்கா!"

"இந்த வீட்டுல உன் கையெழுத்து, என் கையெழுத்துன்னு பிரிச்சுப் பார்த்ததே கிடையாது."

"பிரிச்சிருக்கணும்ப்பா. இதை நான் போடலைன்னு மன்றத்துக்குச் சொல்லப் போறேன்."

அண்ணன் குறுக்கே வந்தான். "ஏன் அப்படிச் சொல்லணும்? கணக்குல தப்பு நடந்துருச்சு, படத்தை வாபஸ் வாங்கறேன்னு சொல்லு. போதும்ல?"

"அப்ப கணக்கு என்னோடதுன்னு ஆகும்."

"ஆகட்டுமே. காய்ச்சல்ல பண்ணினதுன்னு உன்னைக் கண்டிச்சு விட்டுடுவாங்க. எங்களுக்குன்னா கேஸ். இந்த வயசுல அப்பாவைக் கூண்டுல ஏத்தணுமா?"

"உங்களுக்கெல்லாம் முட்டுக் கொடுத்து நிக்க நான் இரும்புக் கால் இல்ல" என்று சொல்லி, போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

மன்றத்தில் ஒரு அதிகாரி எடுத்தார். பெயர், உரிம எண் எல்லாம் சொன்னாள். "இந்தப் படத்துல இருக்கிற கையெழுத்தை நான் போடல சார். உடனே ரத்து பண்ணுங்க. கூரை தாங்காது."

"ஒரு நிமிஷம் இருங்க."

தட்டச்சுச் சத்தம். பிறகு அறை முழுக்க அண்ணியின் குரல் கேட்டது. தெளிவான, நிதானமான குரல். 'பார்த்தேன். நான்தான் கையெழுத்திட்டேன்.'

"அம்மா" என்றார் அதிகாரி. குரலில் மரியாதை குறைந்திருந்தது. "பதிவுல இருக்கிறது உங்க குரல் இல்ல. அனுமதியைக் கலைக்கறதுக்குன்னே போட்டிக் கம்பெனிக்காரங்க இப்படி நிறைய போன் பண்றாங்க. நீங்க யாரு?"

"நான்தான் சார் அந்த இன்ஜினியர்! தொண்டை கட்டியிருக்கு!"

"அதை நான் எப்படி நம்பறது? இன்ஜினியர் மேடம் பக்கத்துல இருந்தா அவங்களைப் பேசச் சொல்லுங்க. அவங்க சொன்னா ரத்து பண்றேன்."

சின்னவளுக்கு ஆத்திரத்தில் கண்ணில் நீர் முட்டியது. தன் பெயரைத் தானே சொன்னால் செல்லாதாம்!

அப்பா ஸ்பீக்கருக்கு எட்டாத குரலில் மருமகளிடம் சொன்னார். "வாங்கிப் பேசும்மா. யாரோ விளையாடிட்டாங்க, நானே ரத்து பண்றேன்னு சொல்லிடு. எல்லாம் அதோட முடிஞ்சிடும்."

அண்ணி மாமனாரைப் பார்த்தாள். நாத்தனாரைப் பார்த்தாள். போனை வாங்கிக்கொண்டாள்.

"சார், பதிவுல இருக்கிற குரல் இதுதானே?"

"ஆமாங்க மேடம், இதேதான். சொல்லுங்க."

"நல்லாக் கேட்டுக்கங்க. நான் இன்ஜினியர் இல்ல. அவங்க அண்ணன் பொண்டாட்டி. முன்னாடி பேசினவங்கதான் இன்ஜினியர். அவங்க உணர்வில்லாம கிடந்தப்ப அவங்க பேரைச் சொல்லி உங்களை ஏமாத்தினேன். என்னை என்ன பண்ணணுமோ அப்புறம் பண்ணுங்க. முதல்ல அந்தப் படத்தை ரத்து பண்ணுங்க. அடியில ஆளுங்க படுத்திருக்காங்க."

மறுமுனையில் தட்டச்சு கடகடவென்று ஓடியது.

"ரத்து பண்ணியாச்சு. தொட்டியை நிரப்பக் கூடாதுன்னு ஆஸ்பத்திரிக்கும் தகவல் போயிடுச்சு."

சின்னவள் சுவரில் சாய்ந்தாள்.

"இந்தப் பேச்சும் பதிவாகுது மேடம்" என்றார் அதிகாரி. "உங்களை அப்படிப் பேசச் சொன்னது யாரு?"

அண்ணன், 'நான்னு சொல்லு' என்று மார்பில் கை வைத்துச் சைகை காட்டினான். அண்ணி அவன் பக்கம் திரும்பவே இல்லை. அவள் கண் மாமனார் மேல் இருந்தது.

அப்பா நாற்காலிக் கையை ஊன்றி எழுந்து நின்றார். அவர் பார்த்தது மகளை. அவள் இமைக்காமல் திருப்பிப் பார்த்தாள்.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"